ஊசியக்காவும் மலைமேல் ரிப்பீட்டரும்

அந்த ஊரில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நரம்பு தேடுவதில் கெட்டிக்காரி. ஊசி போட்டதே தெரியவில்லை என்பார்கள் வந்தவர்கள். ஆனால் தைரியமெல்லாம் கையோடு சரி, மனசு அப்படியில்லை. வேலை முடிந்து பாதிப் படி இறங்கியவள், ஏதோ உறுத்தித் திரும்ப ஏறி வருவாள். குளிர்பெட்டியைத் திறந்து, எந்தக் குப்பியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று மறுபடி பார்த்துவிட்டுத்தான் வீடு போவாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "உன்னை லிஃப்டுல ஏத்தினா, நீ கீழ இருக்கற மோட்டாரையும் ஒருதரம் பாத்துட்டு வந்துதான் பட்டனை அமுக்குவ" என்பார்.

இப்படிப்பட்டவளுக்கு அமெச்சூர் ரேடியோப் பைத்தியம் பிடித்தது புகுந்த வீட்டில்தான். வீட்டுக்காரரின் தங்கை ஆற்றின் மேற்கரையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்குக் கிளட்ச் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து படித்து, சேர்ந்து பரீட்சை எழுதி, ஒரே நாளில் உரிமம் வாங்கி, தேசிய அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் சேர்ந்தார்கள். அடுப்படி அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் இரண்டு வாக்கி டாக்கிகளைப் பார்த்து அக்கம்பக்கத்தார் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

ஊருக்கு வடக்கே இருந்த மலைமேல் ஒரு ரிப்பீட்டர் வைத்ததும் இந்த இருவரும் முன்னின்றுதான். கையளவு சாதனத்திலிருந்து வரும் மெல்லிய குரலை உயரத்திலிருந்து பிடித்து, வலுவாக்கி, மலைக்கு அந்தப் பக்கமும் மேற்கரையிலும் கேட்கும்படி திரும்ப அனுப்பும் பெட்டி அது. குழாயையும் பேட்டரியையும் தோளில் சுமந்து ஏற்றினார்கள். கம்பத்தை இழுத்துக் கட்ட லிஃப்டின் பழைய இரும்புக் கயிற்றை வீட்டுக்காரர் கொண்டுவந்தார். உரிமம் மட்டும் சங்கத்தின் பேரில் இருந்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு புயல் வந்து ஆறு பொங்கியது. கைபேசிகள் செத்துப்போயின. தலைமையகம் உத்தரவு கொடுக்காமல் எந்தக் கிளையும் அவசரச் சேவையைத் தொடங்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. தலைமையகத்துக்கே அன்று மின்சாரம் இல்லை. காலையிலிருந்து நாத்தனார் மைக்கைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உத்தரவு வந்து சேர்வதற்குள் மேற்கரைக்காரர்கள் ஒரு பகல் முழுக்கக் கூரைமேல் நனைந்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்த அந்த வாரமே அவள் சங்கத்தை விட்டு விலகினாள். லாரி ஓட்டுபவர்கள், மீன் பிடிப்பவர்கள், கோழிப்பண்ணைக்காரர் என்று மேற்கரை ஆட்களைச் சேர்த்து, பரீட்சைக்குத் தயார் செய்து, உரிமம் வாங்கவைத்து, ஆற்றோரக் குழு என்று தனியாக ஒன்றைத் தொடங்கினாள்.

அந்தக் குழுவுக்கும் சறுக்கியது. அடுத்த மழையில் அவர்களில் ஒருவர், கரை உடைந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே ரேடியோவில் சொல்லிவிட்டார். கரை உடையவில்லை. ஆனால் ஜனங்கள் அலறியடித்துப் பாலத்துக்கு ஓடி, நெரிசலில் ஒரு பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் எடுக்கப் போனவள் ஊசியக்காதான். அந்த மனுஷர் வலியில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அதற்குப் பிறகு விதி என்று ஒன்று இருப்பது நல்லதுதான் என்று அவளுக்குப் பட்டது. சங்கத்திலேயே இருந்தாள். கிளைச் செயலாளர் ஆனாள்.

வீட்டில் இதை வழக்கமான நாத்தனார் சண்டை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நகைக்கோ நிலத்துக்கோ அடித்துக்கொள்ளாமல் அலைவரிசைக்கு அடித்துக்கொள்கிறார்களே என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். வீட்டுக்காரர்தான் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தவித்தார்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு சங்கத் தலைவர் போன் செய்தார். தன்மையான மனிதர். நாடு முழுக்க இப்படித் தனிக்குழுக்கள் முளைத்திருப்பதையும், ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசி எல்லோர் பேச்சும் கெட்டுப்போவதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ரிப்பீட்டருக்கு எண்பூட்டுப் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். ரகசிய எண்ணை அழுத்தினால்தான் அது காது கொடுக்கும், மற்றவர்களுக்குச் செவிடு.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உரிமத்துல இருக்கறது நம்ம பேருதாம்மா" என்றார்.

அவளுக்கு அந்தப் பெரியவரின் பிடி ஞாபகம் வந்தது. அன்றே பூட்டுப் போட்டாள்.

இரண்டொரு நாளில் நாத்தனார் பரிசோதனை நிலையத்துக்கு வந்தாள். வரிசையில் நின்று, முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரை பார்க்க வேண்டும் என்று கையை நீட்டினாள். ஊசியக்கா வார்ப்பட்டையைக் கட்டி நரம்பைத் தடவிப் பார்க்கும்போது, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அண்ணி, மேற்கரைல உங்க சங்கத்து ஆளுங்க எத்தனை பேரு?"

"ஒருத்தரும் இல்ல."

"தண்ணி முதல்ல எங்க வரும்?"

ஊசியக்கா ஊசியை இறக்கினாள். ரத்தம் வரவில்லை. எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக நரம்பு தப்பியிருந்தது. நாத்தனார் முகத்தைச் சுளிக்காமல் மறு கையை நீட்டினாள். அதன் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்த மழை, ஒரு காலையில் விடாமல் அடித்தது. அணையிலிருந்து தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த சிறிது நேரத்தில் கைபேசிகள் அடங்கின. வெள்ளத் தடுப்பு அலுவலகத்தின் மாடியறையில் ஊசியக்கா சாதனத்தை வைத்து உட்கார்ந்தாள். சுவரில் ஆற்றின் வரைபடம். ஓரத்தில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜெனரேட்டர் இருமுகிற சத்தம். தலைமையகம் இந்தத் தடவை விழிப்பாக இருந்தது. முதல் மழையிலேயே உத்தரவு கொடுத்துவிட்டார்கள். சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக அழைப்புக்குறி சொல்லி வந்தார்கள். ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, பாலம் என்று எல்லாம் ஒழுங்காக, ஒருவர் பேச ஒருவர் கேட்கும்படி நடந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பகல் ஏறியதும் அந்த அலுவலகத்தின் அதிகாரி வரைபடத்துக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். மேற்கரையில் விரலை வைத்தார்.

"இங்க இருந்து ஒண்ணுமே வரலையே. யாரு இருக்கா இங்க?"

"எங்க ஆளுங்க யாரும் இல்ல சார்."

"வேற ஆளு?"

"இருக்காங்க. அவங்க பேசறது நமக்குக் கேக்காது" என்றாள்.

ஏன் கேட்காது என்று அவர் கேட்கவில்லை. சிற்றலைச் சாதனத்தில் தலைமையகத்தைப் பிடித்தாள். பூட்டைத் திறக்க அனுமதி வேண்டும் என்றாள். எதிர்முனையில் இருந்தவர் பொறுப்பானவர், தலைவரைக் கேட்டுச் சொல்வதாகவும் அதுவரை பொறுத்திருக்கும்படியும் சொன்னார். தலைவர் வேறொரு மாவட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பொறுத்திருந்தாள். பொறுத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று மேற்கரையில் எத்தனை பேர் மைக்கை அழுத்தி அழுத்திப் பேசிக்கொண்டிருப்பார்கள், ரிப்பீட்டர் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று தோன்றியது. திறந்துவிட்டு மறுபடி ஒரு பொய்ச்செய்தி வந்தால் யார் இடுப்பு உடையும் என்றும் தோன்றியது. திறந்தால் ஒரு பயம், திறக்காவிட்டால் ஒரு பயம். தலைமையகத்தை இன்னொருமுறை கூப்பிட்டாள். இன்னும் தகவல் இல்லை என்றார்கள். சாதனத்தின் எண் பொத்தான்கள் மேல் அவள் விரல் சும்மா ஊர்ந்துகொண்டிருந்தது. சட்டென்று எண்களை அழுத்தி முடித்தாள். பூட்டு விலகியது.

ஒரு கணம் அமைதி. அடுத்த கணம் சந்தைக்கடை. ஒருவர்மேல் ஒருவராகக் குரல்கள் ஏறின. பஸ் என்றது ஒன்று, மாடு என்றது ஒன்று, மாத்திரை என்று ஒரு பெண்குரல் பாதியில் அறுந்தது. சங்கத்து ஆட்கள் வெளியாட்களை விலகச் சொல்லிக் கத்த, அந்தக் கத்தலும் சேர்ந்துகொண்டது. தலைவர் சொன்னது அப்படியே நடக்கிறதே என்று நினைத்தாள். அந்த அமளிக்குள் ஒரு குரல் தெளிவாக வந்தது.

"ஆற்றோரக் குழு எல்லாரும் மைக்கை விடுங்க. கட்டுப்பாட்டு நிலையத்துல அண்ணி இருக்காங்க. அவங்க கூப்பிட்டவங்க மட்டும் பேசணும்."

கிளட்சை மிதி என்று சொல்கிற அதே குரல். இரைச்சல் அடங்கியது. ஊசியக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாங்கினாள். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஜனங்கள் சேர்ந்திருந்தார்கள், இன்சுலின் வேண்டும். சாலை அறுந்து ஒரு பஸ் நடுவில் நிற்கிறது, உள்ளே இருந்தவர்களை இறக்கியாகிவிட்டது. அதிகாரியின் ஆட்கள் ஓடி ஓடி வேலை பார்த்தார்கள்.

அப்போதுதான் கோழிப்பண்ணைக்காரர் குரல் நடுங்கியபடி வந்தது. மதகுப் பக்கம் கரை உடைந்துவிட்டதாம்.

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேற்கரையில் கீழ்த்தெரு ஜனங்களைப் பாலம் வழியாக வெளியேற்ற அறிவிக்கலாம் என்று அதிகாரி ஒலிபெருக்கி வண்டிக்கு ஆள் அனுப்பப் போனார். ஊசியக்கா எழுந்து குறுக்கே நின்றாள். இதுவரை எந்த அதிகாரிக்கும் குறுக்கே நின்றவள் இல்லை அவள்.

"கொஞ்சம் பொறுங்க சார். பாத்தவங்க யாருன்னு கேக்கறேன்."

கோழிப்பண்ணைக்காரர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். அவரும் பார்க்கவில்லை. ஊசியக்கா நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"நீ பாத்தியா?"

"இல்ல அண்ணி. மதகுக்குப் பக்கத்துல நான்தான் இருக்கேன். போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "ஜாக்கிரதையா போ" என்று மட்டும் சொன்னாள்.

ரேடியோவில் கரகரப்பு மட்டும் மிச்சம் இருந்தது. கூப்பிட்டுப் பார்க்கவும் பயம், நடந்துகொண்டிருப்பவளின் கையைச் சாதனத்துக்கு இழுத்துவிடுவோமோ என்று. அதிகாரி ஜன்னலுக்கும் வரைபடத்துக்கும் நடந்தார். கரை நிஜமாகவே உடைந்திருந்தால், ஊசியக்கா நிறுத்திவைத்த இந்த நேரத்துக்குக் கீழ்த்தெருதான் விலை கொடுக்கும். உடையப் போகிற கரைமேல் நாத்தனாரை ஏற்றிவிட்டிருந்தால் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? அவருக்குக் கூடப் பிறந்தவள். ஊசியக்கா தண்ணீர் கேட்டாள், கொடுத்த டம்ளரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

குரல் வந்தபோது மூச்சிரைத்தது.

"கரை உடையல. மதகுக்குத் தெக்க ஓரிடத்துல ஊறித் தண்ணி கசியுது. மண்ணு கரையுது. கீழ்த்தெருவைக் கிளப்பணும், ஆனா நேரம் இருக்கு. பாலத்துக்கு விடாதீங்க, நெல்லு ஆலை மேட்டுக்கு அனுப்புங்க. ஓவர்."

அதன்படியே நடந்தது. யாரும் ஓடவில்லை, நடந்துதான் போனார்கள். மணல் மூட்டை போகும் முன்பே கரை அந்த இடத்தில் வாய் பிளந்தது. கீழ்த்தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, வீடுகள் பாழாயின, ஆள் ஒருவருக்கும் ஆபத்தில்லை. நாத்தனாரின் பயிற்சிக் கார் மட்டும் ஆற்றோடு போய்விட்டது. தலைமையகத்திலிருந்து அனுமதி பொழுது சாயும்போது வந்தது, நிபந்தனைகளோடு.

பிறகு விசாரணை என்று கூப்பிட்டார்கள். தலைவர் அவளைக் கடிந்து பேசவில்லை. நீங்கள் செய்தது சரியாகப் போனது, நாளைக்கு இன்னொரு கிளை திறந்து தப்பாகப் போனால் நான் என்ன சொல்வது என்று கேட்டார். தனக்கும் அதே பயம்தான் என்றாள். செயலாளர் பதவியை அவளே விட்டாள். விடும் முன்பு ஒன்று கேட்டு வாங்கினாள். ரகசிய எண் ஆற்றோரக் குழுவிடமும் இருக்கும், மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒத்திகை நடத்தும். சங்கம் அதற்குத் தற்காலிக ஏற்பாடு என்று பெயர் வைத்தது. அந்தத் தற்காலிகம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நாத்தனாரை மறுபடி சங்கத்தில் சேரச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். "சேந்தா மறுபடி கோவிச்சுக்கிட்டு வெளிய வரணும். எதுக்கு வீண் அலைச்சல்" என்றுவிட்டாள். ஒத்திகையில் யார் முதலில் அழைப்பது என்று அண்ணிக்கும் அவளுக்கும் வாக்குவாதம் வராத வருஷமில்லை. இரு தரப்பு ஆட்களும் காதிலிருந்து இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஊசியக்காவுக்குப் பயம் தெளிந்துவிட்டதா என்றால், இல்லை. வானம் மூட்டம் போட்டாலே சோறு இறங்காது. இப்போதெல்லாம் விடுமுறை நாளில் பஸ் ஏறி மேற்கரைக்குப் போகிறாள். பள்ளிக்கூட வராந்தாவில் புது ஆட்களை உட்காரவைத்து, கண்ணால் பார்த்ததை எப்படிச் சொல்வது, காதால் கேட்டதை எப்படிச் சொல்வது என்று பழக்குகிறாள். போகும் வழியில், அன்று நாத்தனார் தனியாக நடந்துபோன இடத்தில், மதகுக்குத் தெற்கே புதிதாகக் கட்டிய கரை வரும். அந்த இடம் தாண்டும்வரை அவள் ஜன்னலோரம் திரும்புவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே போவாள்.