சப்ரஸ் என்றால் அடக்கமா?

தட்டெழுத்துக்காரன் சொந்தக் கடிதத்தில் தப்பு விட்டால் வெட்கத்தோடு போகும். அடுத்தவர் கடிதத்தில் விட்டால் அவருக்கு வேலையே போகும். புரியாத இங்கிலீஷுக்குப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுத் தூக்கம் கெட்டவர்களுக்கு என் பயம் தெரியும்.

பிறவிக் குணம்

அறுபதுகளின் ஆரம்பம். தென்னூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் என் மெஷின். ஸ்ரீரங்கத்து கோவிந்தராஜு ஒரு மெமோவோடு வந்தார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்றே மாதம்; விண்ணப்பம் அடித்துக் கொடுத்தவனும் நான்தான். முன்பு மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் வேலை பார்த்ததை அவர் 'சப்ரஸ்' செய்திருக்கிறார், காரணம் எழுதித் தரவேண்டும் என்றிருந்தது.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அகராதியில் முதலில் 'அடக்கு' என்று போட்டிருந்தது; அதற்கு மேல் நான் படிக்கவில்லை. பழைய அனுபவத்தைப் பீற்றிக்கொள்ளாமல் அடக்கி வாசித்திருக்கிறீர்கள், அதைத்தான் கேட்கிறார்கள் என்றேன். சப்ரஸ் செய்வது என் பிறவிக் குணம் என்று இங்கிலீஷில் அடித்து நீட்டினேன். அவர் முகத்தில் தெளிவில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும் சார்."

வக்கீல் குமாஸ்தா

மறுநாள் காலை ஒரு வக்கீல் குமாஸ்தா மனு கொண்டுவந்தார். இரண்டாவது வரியிலேயே அதே சொல். கோர்ட்டுக்கு எதற்கு இந்த அடக்கமெல்லாம் என்று பேச்சுவாக்கில் கேட்டுவைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அடக்கமாவது ஒண்ணாவது. உண்மையை மறைச்சான்னு அர்த்தம். ஆமான்னு எழுதிக் கொடுத்தா ஆள் தொலைஞ்சான்."

ஆபீஸர் அறை

மனுவை ஓரமாக வைத்தேன். விண்ணப்பத்தின் கார்பன் பிரதியைத் தேடி எடுத்தேன். அதில் மில் வேலையே இல்லை. கூடவே கோவிந்தராஜு தன் கைப்பட எழுதித் தந்த குறிப்பும் கிடைத்தது; அதில் மில் வேலை இருந்தது. கட்டத்தில் இடம் போதவில்லை என்று நான்தான் விட்டிருக்கிறேன். அட மடையா, ஒரே ஆளை இரண்டு தடவையா கவிழ்ப்பாய் என்று என்னையே திட்டிக்கொண்டு அவர் ஆபீஸுக்கு ஓடினேன்.

அதற்குள் பதில் ஆபீஸர் மேஜைக்குப் போய்விட்டது. எதிரே கோவிந்தராஜு வெளிறிப்போய் நின்றிருந்தார். உள்ளே போய், விட்டதும் நான், அர்த்தம் தெரியாமல் அடித்ததும் நான் என்று குறிப்பை நீட்டினேன். ஆபீஸர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். படித்துவிட்டுப் பழைய பதிலைத் திருப்பிக் கொடுத்தார். வேலை தப்பியது.

வெளியே வந்ததும், விண்ணப்பத்தில் மில் வேலை விட்டுப்போனது முன்னாலேயே தெரியுமா என்று கோவிந்தராஜுவிடம் கேட்டேன். தெரியும் என்றார். பின்னே ஏன் ஆபீஸரிடம் சொல்லவில்லை என்றேன். அவர் சொன்ன பதிலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"டைப் அடிக்கிறவர் விட்டுட்டாருன்னு நான் சொன்னா, அப்புறம் உங்ககிட்ட யாரு சார் வருவாங்க?"

அன்றிலிருந்து தெரியாத சொல்லைத் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். வாடிக்கை பாதியாகிவிட்டது, சாப்பாடு மட்டும் ஒழுங்காக இறங்குகிறது.