தங்கூசி வலை முக்காடு

1998 ஜூன் 17, புதன்கிழமை, காலை ஏழேகால். எழுவைதீவில் விடியுமுன்னரே தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று கிளம்பிவிட்டது. அந்த நேரத்தில்தான் என் வலது பெருவிரலைச் சுட்டுக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் சொல்லிவைத்த முக்காட்டுத் துணி வந்து சேரவில்லை. மணப்பெண் பிலோமினாவின் தகப்பன் அந்தோனி, கடலில் இறக்காத, நைலோன் இழையில் பின்னிய வெள்ளைத் தங்கூசி வலை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதில் மூன்றரை யார் நீளம் வெட்டி, பால்மாப் பைக்கற்றின் உட்புற வெள்ளித்தாளில் நாற்பத்திரண்டு பூக்கள் செய்து தைத்து, முதல்நாளே அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு வருடத் தையலில் அதைப்போல் அழகாக நான் எதையும் செய்ததில்லை.

காலையில், மேசையில் மிஞ்சிக் கிடந்த துண்டின் பிரிந்த நுனியைத் தீக்குச்சியால் பொசுக்கினேன். நெருப்பு நுனியோடு நிற்கவில்லை. ஒரு சாண் துண்டு முழுவதும் சுருண்டு எரிந்து, உருகிய சொட்டு விரலில் ஒட்டிக்கொண்டது.

ஒன்பது மணிக்குத் திருமணப் பூசை. பீடத்தின் முன் மணமக்களுக்கு இருபுறமும் நாலு நாலாக எட்டு மெழுகுதிரிகள் எரியும். கோயில் யன்னல்களில் ஐந்துக்குக் கதவில்லை. ஓடினேன்.

கோயில் வாசலில் பிலோமினா முக்காட்டோடு நின்றாள். அது காற்றில் ஆள் உயரத்துக்கு எழும்பிப் பறந்தது.

"திரியளை அணைக்கச் சொல்லுங்கோ. இது பெற்றோல் மாதிரிப் பத்தும்!" என்றேன்.

தாய் சீறினாள். "திரி அணைச்சு ஒரு கலியாணமோ? உங்கட வாயில நல்ல சொல்லே வராதோ, ரெயிலர் அண்ணை?"

"அப்ப முக்காட்டைக் கழட்டுங்கோ."

"ஏலாது," என்றாள் பிலோமினா. "வெறுந்தலையோட உள்ள போகமாட்டன். ராணி மாதிரி இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அந்தோனி மட்டும் முக்காட்டின் விளிம்பைப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தார். "ஈயம் கட்டாத வலை பறக்காமல் என்ன செய்யும்? நீர் ஊசியை எடும்."

கரையில் கிடந்த தன் பழைய வலையிலிருந்து இருபத்துநாலு ஈயக் குண்டுகளை வெட்டிவந்தார். அரைச் சாணுக்கு ஒன்றாக விளிம்பின் உட்பக்கம் கட்டினேன். முக்காடு நேராகத் தொங்கியது.

"ஐயோ அப்பா, கழுத்து முறியுது!"

"நட பிள்ளை. இனித்தான் பாரமே இருக்கு."

ஈரச் சாக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசை வாங்கில் இருந்தேன். மோதிரம் மாற்றும்போது காற்று புகுந்தது. எட்டுச் சுடரும் சாய்ந்தன, அதில் நாலு பெண்ணின் பக்கமாக. இரண்டு அணைந்தன. பாட்டு நடந்ததாம். எனக்கு ஈயம் நிலத்தில் உரசுவது மட்டுமே கேட்டது. முக்காடு எழும்பவில்லை.

இப்போது வலையிலும் தாளிலும் பையிலும் உடுப்புச் செய்கிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். புதிய பொருள் எதுவானாலும் தைக்குமுன் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பூ வைப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

பூசை முடிந்ததும் தாய் கூலியை நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை. வாங்காமல் விட்ட கூலி முந்நூற்றைம்பது, அன்பளிப்பு உறையில் இருநூறு, விரலுக்கு மருந்து இருபத்தைந்து. அந்தக் கலியாணத்தில் எனக்குப் போனது மொத்தம் ஐந்நூற்று எழுபத்தைந்து ரூபா.