கழுவாத பாட்டில்கள்

ஸ்டெல்லா மேடம் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போன் செய்தபோது ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். "நேத்து கூட நல்லாதான் பேசினாங்கண்ணா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, பெரிய அசதிதான் வந்தது.

பொம்மசந்திராவில் நம் பழைய கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன். குப்பையில் வரும் பாட்டில்களை நறுக்கி, ரசாயனக் கரைசலில் போட்டு, மைக்ரோவேவில் சூடாக்கி, மறுபடி துணியோ பாட்டிலோ செய்ய உதவும் வெள்ளைப் பொடியாக மாற்றுவது நம் வேலை. அவர் கெமிஸ்ட், நான் மெஷின் பார்ப்பவன். மதியம் எல்லோரும் கேன்டீனில் சாப்பாட்டைச் சூடு பண்ணும்போது அவர் மட்டும் ஆறின சோற்றைச் சாப்பிடுவார். கேட்டால், "நாள் பூரா மைக்ரோவேவோட மாரடிக்கிறேன், சோத்துக்கும் அதுவா?" என்பார்.

பணம் போடுகிறவர்கள் பார்க்க வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. அவர்கள் கைவிட்டால் கம்பெனியை மூடவேண்டியதுதான். கழுவிய, நிறமில்லாத பாட்டில்களை மட்டும் போடச் சொல்லியிருந்தார் மேனேஜர். மேடம் தொம்மலூர் குப்பைவண்டியில் வந்ததை எண்ணெய்ப் பிசுக்கும் லேபிளுமாக அப்படியே போட்டார். பொடி பழுப்பாக வந்தது. "சுத்தமான பாட்டில்னா வெள்ளையா வரும் சார். ஊர்க் குப்பைக்கு இன்னும் வரலை. டைம் வேணும்" என்று வந்தவர்களிடமே சொன்னார். காபி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை.

கம்பெனி மூடிய அன்று பஸ் ஸ்டாப்பில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "ஒரு நாள் நடிச்சிருந்தா எல்லார் வேலையும் இருந்திருக்குமே மேடம்" என்றேன்.

"இருந்திருக்கும்பா. அப்புறம் மெஷினை வாங்கினவன் கார்ப்பரேஷன் குப்பையைப் போட்டு ஏமாந்தா, இது ஆகாத வேலைன்னு ஒரேயடியா தூக்கிப் போட்டுடுவாங்க. இது ஆகும்பா." அவர் குரலிலும் தெம்பு இல்லை. என் பஸ்ஸுக்கு முன்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது வேறொரு கம்பெனியில் அதே வேலை செய்கிறேன். பழுப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. போன வாரம் முதலாளி, "ஊர்க் குப்பைக்கும் மெஷின் ரெடின்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார். "இன்னும் இல்லை சார்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பதில்தான். இதை வைத்துக்கொண்டு பிழைப்பது கஷ்டம். வேறு பதில் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.