போட்டோவுக்கு மட்டும் உட்கார்ந்தவர்கள்

தி.நகரில் நான் வேலை பார்த்த புடவைக் கடையின் வாசலில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். பட்டுப் பிரிவுப் பெண்கள் பதினான்கு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துச் சிரிக்கிறோம். கீழே தங்க எழுத்தில் ‘இவர்கள் எங்கள் குடும்பம்’. அதை நின்று படித்துவிட்டு உள்ளே வருபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். அந்தக் குடும்பம் உட்கார்ந்தது மொத்தமே இருபது நிமிடம். அதிலும் பாதி, போட்டோக்காரர் விளக்கை நகர்த்தியதில் போயிற்று.

காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி சாத்தும்வரை நிற்பதுதான் எங்கள் வேலை. புடவை விற்பதெல்லாம் அதற்கு நடுவில் நடக்கிற காரியம். ஆளே இல்லாத மத்தியானத்திலும் சுவரில் சாயக் கூடாது. சாய்ந்தால் மேற்பார்வையாளர் வந்து, நீ பிடிக்காவிட்டால் சுவர் விழுந்துவிடுமா என்று கேட்பார்.

எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு அக்கா. சிந்தாதிரிப்பேட்டைக்காரி. பன்னிரண்டு வருஷமாக அங்கே நின்றவள். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கும். சேலையை லேசாகத் தூக்கிக் காட்டி, “மேப்பு மாதிரி கீது பாரு. இந்தக் கோட்டப் புடிச்சிகினு போனா கூவம் வந்துரும்” என்பாள். மணிக்கொரு தரம் பத்து நிமிடமாவது உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். இல்லாவிட்டால் புண் வைத்துவிடும், அப்புறம் நிற்கவே முடியாது என்று பயமுறுத்தியும் இருந்தார். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். உட்கார்ந்தால் வேலை போகும், நின்றால் கால் போகும்.

அந்தச் சமயத்தில்தான் கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. பெரிய முதலாளி அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். அவராவது மனதில் இருப்பதை முகத்தில் காட்டினார். அவர் மகன், நாங்கள் சின்னவர் என்போம், அப்படியெல்லாம் சுளிக்கிறவர் இல்லை. அடையாறில் ஒரு ஹோட்டலில், ஊழியர்களைக் கொண்டாடுவது எப்படி என்று மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்தவர். குளிர்ந்த அறையில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைப் படித்திருப்பார். வந்ததும் மைக்கில் எங்களை ‘ஃபேமிலி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வாங்கினார். நின்றுகொண்டே வெட்டி நின்றுகொண்டே தின்றோம்.

ஸ்டூல்களும் வந்தன, மெரூன் மெத்தை வைத்து. போட்டோ எடுத்தார்கள். எடுத்த கையோடு, மெத்தை அழுக்காகிவிடும் என்று பிளாஸ்டிக் உறையைத் திரும்பப் போட்டு, மேலே புடவைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

ஒருநாள் மூன்று மணிவாக்கில் அக்காவுக்குத் தாங்கவில்லை. ஒரு ஸ்டூலில் இருந்த பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எதிரே மயிலாப்பூர் மாமி ஒருத்தர், மகள் கல்யாணத்துக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவில் பார்த்துவிட்டார்கள் போல. ‘இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு, கவனிக்கவும்’ என்று மைக் அலறியது. அக்கா பதறி எழுந்தாள். விஷயம் என்னவென்று மாமி என்னிடம் கேட்டார், சொன்னேன்.

“நீ உக்காந்துண்டே காட்டும்மா. நான் புடவை வாங்க வந்திருக்கேன், உன் காலை வாங்க வரலை.”

அக்கா மறுபடி உட்கார்ந்தாள். மைக் மறுபடி அலறியது. பிறகு சின்னவரே மேலே வந்துவிட்டார். மாமி எடுத்து வைத்திருந்த புடவைகளின் உயரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இவங்கல்லாம் எங்க ஃபேமிலி, தாராளமா உக்காரலாம் என்றார்.

மாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “ஆத்துல உங்கம்மாவையும் மைக் வெச்சுத்தான் எழுப்புவேளா?”

சின்னவர் சிரித்தார். எதற்கும் சிரிக்கச் சொல்லி வகுப்பில் கற்றுக் கொடுத்திருப்பார்கள்.

மறுநாளே அக்காவுக்குப் பதவி உயர்வு. வரவேற்புப் பிரிவு என்று அதற்குப் பெயர். வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பி வணக்கம் சொல்ல வேண்டும். அங்கே ஸ்டூலும் கிடையாது, மறைவும் கிடையாது. தலைக்கு மேலே அந்தப் படம். அதில் நட்ட நடுவில் உட்கார்ந்திருப்பவள் அக்காதான். வருகிறவர்கள் மேலே உட்கார்ந்திருப்பவளையும் கீழே நிற்பவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சின்னவர் அந்த வழியாகத்தான் தினமும் வருவார். ஒருநாளாவது அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்து பார்த்திருந்தால், மூன்று நாள் வகுப்பு தேவைப்பட்டிருக்காது.

பத்தாவது நாள் கணுக்காலில் தோல் கறுத்துப் பிளந்தது. அக்கா வேலையை விட்டு நின்றுவிடுவதாகச் சொன்னாள். அவள் தெருவில் ஒரு தையல் கடை, புடவைக்குக் குஞ்சம் கட்டும் வேலை. பாயில் உட்கார்ந்து, காலைத் தலையணையில் நீட்டிக்கொண்டே செய்யலாம் என்றாள்.

கடைசி நாள், கடை திறக்குமுன் எல்லோரும் கூடும் காலைப் பிரார்த்தனையில், சின்னவர் பிரிவுபசாரம் நடத்தினார். அக்கா இந்தக் குடும்பத்தின் தூண் என்றார். தூணை யாரும் உட்காரச் சொல்வதில்லை, அந்த வகையில் சரிதான். ஒரு பார்சலைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். அதே போட்டோ, சின்னதாகச் சட்டம் போட்டு.

அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அவரைச் சார் என்று கூப்பிட்டவள்.

“எனக்கு இன்னாத்துக்கு நைனா இது? இதுல உக்காந்துகினு கீறவ நல்லாத்தான் கீறா. நின்னுகினு இருந்தவளுக்கு இன்னா வெச்சிகீற?”

போட்டோவை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, ஒரு காலை இழுத்தபடி வெளியே நடந்தாள்.

யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, நாங்கள் கைதட்டினோம். சின்னவர் போட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையாட்டி, நன்றி ஃபேமிலி என்றார்.