லாரித் தடத்தில் இறங்கிய தண்ணீர்

காட்டு மண்ணைச் சோதிக்கிற வேலையில் முக்கால்வாசி நேரம் குனிந்தே இருக்க வேண்டும், வேடிக்கை பார்க்கிறவர்களுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். இடுப்பு வலி கண்ட அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா?

வளையம்

குலசேகரத்துக்கு மேலே மரம் வெட்டி முடித்த ஒரு சரிவு. வெட்டிய மரத்தடி ஏற்றிய லாரிகள் போய்வந்த தடத்தில் மண் சிமெண்ட் தரை போல இறுகிக் கிடந்தது. இரும்பு வளையத்தை அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, மண் எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. பக்கத்துக் காட்டில் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டது. தடத்திலோ, கொண்டுபோன இட்லியைத் தின்று கைகழுவிய பிறகும் அப்படியே நின்றது.

சரிவுக்குக் கீழே குடியிருக்கும் தங்கம் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தடம் வழியாகச் சேறு இறங்கி அவர் கிணறு கலங்கிவிடும். குடிதண்ணீருக்கு அடுத்த தெருவரை குடம் சுமந்துகொண்டிருந்தார்.

"நீ ஊத்துன ஒரு செம்பே எறங்கல்ல. மழவெள்ளம் பின்ன எங்க போவும் மக்களே, எனக்க கெணத்துக்குத்தான்."

விறகு

மிச்சமான கிளைகளையும் தழைகளையும் தடத்தின் குறுக்கே பரப்பச் செய்தேன். மழையின் வேகம் குறையும், மக்கினால் மண் இளகும். பத்து நாள் கழித்துப் போனால் தடம் துடைத்த மாதிரி இருந்தது. கிளையெல்லாம் தங்கம் அக்காவின் அடுப்படியில். கோபம் தலைக்கேறிக் கத்திவிட்டேன். எதற்காகப் பரப்பினேன் என்று ஒருவரிடமும் சொல்லாதவன் நான்தான் என்பது கத்தி முடித்த பிறகே உறைத்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு கட்டுக் கிளையைத் தலையில் ஏற்றினார். வெட்கத்தோடு நானும் சுமந்தேன். மாலைக்குள் கடைசிச் சுள்ளியும் மேலே போய்விட்டது.

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா? வெறவுக்கு வேற எடம் உண்டு. கெணத்துக்கு உண்டா?"

டிரைவர்

மலையின் மறுபக்கத்தில் இன்னும் தடி கிடந்தது. அதை ஏற்ற வந்த டிரைவருக்கு எங்கள் தடம்தான் குறுக்குவழி. சுற்றிப் போங்கள் என்று கெஞ்சினேன். முணுமுணுத்தாலும் கடைசி லோடு வரை சுற்றியே போனார். அவருக்கு நான் கடன்பட்டவன்.

"ரோடு கேட்டு மனு குடுப்பாவ. ரோட்ட அழிக்கதுக்கு ஆள் வந்தத இங்கதான் சாரே பாக்கேன்."

டம்ளர்

மூன்று மழைக்காலம் போயிற்று. மக்கிய சருகைத் தள்ளினால் மண்புழு கக்கிய மண் குருணை குருணையாக இருந்தது. வளையத்தை அடித்தேன், தண்ணீர் மெல்ல இறங்கியது. ஆனால் ஒரு முழம் தோண்டினால் அடிமண் இன்னும் இறுக்கம்தான். பாதிகூடத் தேறவில்லை என்று தங்கம் அக்காவிடம் வருத்தத்தோடு சொன்னேன். அவர் உள்ளே போய், கிணற்றில் கோரிய தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். அடி தெரிந்தது. குடித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

"ஒனக்குப் பாதிதான், எனக்கு முழுசும் தெளிஞ்சாச்சு. குடிச்சிட்டு எழுது."

சம்பளம் வாங்கியவன் நான், வேலை செய்தது புழுவும் சருகும் அக்காவின் தலைச்சுமையும். அறிக்கையில் கையெழுத்து மட்டும் என்னுடையது.