வேலி

என் மனைவி கவிப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்வாள். பொன்னுவேல் வாத்தியார் மேல் வந்த கோபத்தைப் பதினோராம் வகுப்பிலிருந்து வைத்திருந்தாள். நான் ஜீப் ஓட்டுகிறவன். நானாக இருந்தால் அன்றைக்கே நாலு வார்த்தை கேட்டுவிட்டு மறந்திருப்பேன்.

அவள் தலைச்சோலைக்காரி, ஏற்காட்டு மலையில் காப்பி விளைகிற கிராமம் அது. அன்று கெமிஸ்ட்ரி வகுப்பில் அவளை எழுப்பி, சோடியம் அணுவைப் போர்டில் வரையச் சொன்னாராம். பதினோரு எலக்ட்ரான். நடுவில் கரு, சுற்றிலும் மூன்று கூடு. இவள் வெளிக்கூட்டில் இரண்டு வைத்தாள், அடுத்ததில் எட்டு, கருவை ஒட்டி ஒன்றே ஒன்று. அப்படியே தலைகீழ்.

"ஏன் இப்படி வெச்சே?"

"வெளிய இருந்துதானுங்க சார் ஆரம்பிக்கோணும். வேலி முக்கியமுங்களே."

தலைச்சோலையில் புதுக்காடு திருத்தினால் முதலில் ஓரத்தைச் சுற்றி வேலி வைப்பார்கள். இல்லாவிட்டால் காட்டெருமை புகுந்து துவம்சம் செய்துவிடும். அப்புறந்தான் உள்ளே காப்பி நாற்று. அவளுக்குத் தெரிந்த வரிசை அது. கருவில் இருக்கும் இழுவிசை பக்கத்துக் கூட்டைத்தான் முதலில் நிரப்பும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேலியா? அப்ப வேலியாட்டமே நில்லு," என்று வகுப்பு வாசலில் இரண்டு கையையும் விரித்து நிற்க வைத்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் அத்தனை பிள்ளைகளும் அவள் கைக்கு அடியில் குனிந்து போனார்கள். அதிலிருந்து அவள் பெயர் வேலி. தலைச்சோலை பஸ்ஸில்கூட அதுதான் பெயர்.

அழுது படிப்பை விடுவாள் என்று நினைத்திருப்பார். இவள் வன்மம் வைத்துப் படித்தாள். சேலத்தில் அதே கெமிஸ்ட்ரியை எடுத்துப் பட்டம் வாங்கி, ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் டியூஷன் ஆரம்பித்தாள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் எல்லோரும் பிள்ளைவரம், நல்ல விளைச்சல் என்று வேண்டுவார்கள். அந்த ஆளை ஒருநாள் என் வாசலுக்குக் கொண்டுவந்து விடு சாமி என்று இவள் வேண்டுவாள். பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

போன ஜூன் மாதம் சாமி காது கொடுத்துவிட்டது. ஓய்வு பெற்று ஏற்காட்டிலேயே வீடு கட்டிக் குடிவந்த பொன்னுவேல், கடைசி மகன் விக்னேஷோடு வந்து நின்றார்.

"ஏனுங்க மிஸ், பையனுக்குக் கெமிஸ்ட்ரி நொம்ப மோசமுங்க. நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறான்."

அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆனது அது.

"சேத்துக்கலாமுங்க சார். மொத நாள் மட்டும் பெத்தவங்க கூட உக்காரோணும். இங்க அதான் வழக்கம்," என்றாள். அந்த வழக்கம் அந்த நிமிஷம்தான் பிறந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். அவள் சோடியத்தை வரைந்தாள். இந்த முறை உள்ளே இரண்டு, அடுத்து எட்டு, வெளியே தனியாக ஒன்று.

"இதுதான் இணைதிறன் எலக்ட்ரான். உள்ள இருக்கற பத்தும் யார் வம்புக்கும் போகாது. தண்ணி பட்டா சோடியம் பத்திக்குதே, அத்தனையும் இந்த ஒத்த எலக்ட்ரான் பண்ற வேலை. இதைக் குடுத்துட்டா அடங்கிரும். குடுக்கற வரைக்கும் அடங்காது."

பிறகு சாக்பீஸைக் கீழே வைத்தாள். "ஒரு புள்ள இதைத் தப்பா வரைஞ்சா. வேலி மாதிரி வெளியிலிருந்து வெச்சா," என்று ஆரம்பித்தாள். பொன்னுவேல் முகத்தில் ரத்தமே இல்லை. இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வாசலுக்கு நடந்தார். அவருக்கு முன்னால் இவள் போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"அந்த வாத்தியார் அவளை இப்படி நிக்க வெச்சாரு. எல்லாரும் அவ கைக்கு அடியில பூந்து போனாங்க."

"யாருங்க மிஸ் அந்த வாத்தியாரு?" விக்னேஷ்தான் கேட்டான். அவன் குரலில் உண்மையான கோபம் இருந்தது.

"நீங்களே சொல்லுங்க சார்," என்றாள்.

அவர் மகனைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"நான்தான் கண்ணு," என்றார். கையை இறக்குவாள் என்று ஒரு நொடி நின்று பார்த்தார். இறக்கவில்லை. அந்த உயரமான மனுஷன் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, அவள் கைக்கு அடியில் புகுந்து வெளியே போனார்.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பையனைப் பார்த்தபின் தட்டவில்லை. அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

எல்லோரும் போனபின், "இப்ப அடங்குச்சா கவி?" என்று கேட்டேன்.

அவள் போர்டை அழித்துக்கொண்டிருந்தாள். உள்கூடு போனது, நடுக்கூடு போனது. வெளியே இருந்த அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் அழிக்காமல் விட்டாள்.

"இன்னும் இல்லீங்க," என்றாள்.