கூரைக்குக் கீழே ரோஷினி

எத்திராஜை எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். சென்னீர்குப்பத்தில் என் மெஸ்ஸுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறை ஒன்று இருக்கிறது. அதில்தான் குடியிருக்கிறான். ஹைவேயை ஒட்டிய ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். ஆள் மோசமில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான், வாடகைக்கு இழுத்தடிக்க மாட்டான், யார் வம்புக்கும் போக மாட்டான். ஆனால் இவனைப் போல வடிகட்டின முட்டாளை நான் பார்த்ததில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு ஒரே பெண், ரோஷினி. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் மனைவி ராஜகுமாரி குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆவடி சேக்காட்டில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று நான் தோண்டித் துருவவில்லை. இருவரையும் கேட்டால் இரண்டு கதை வரும், இரண்டிலும் பாதி உண்மை இருக்கும். குழந்தைக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை இருந்தவரை கட்டினான். அந்தக் கம்பெனியை மூடியதும் விட்டுவிட்டான். ஒரு மாதம் விட்டது நாலு மாதமாயிற்று, அப்புறம் அதை நினைக்காமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது. குடோன் வேலை கிடைத்த பிறகும் தோன்றினால் கொஞ்சம் அனுப்புவான், இல்லையென்றால் இல்லை. வட்டிக்காரன் என்றால் வாசலில் வந்து நின்று மானத்தை வாங்குவான். சின்னப் பெண் வந்து கத்தவா போகிறது?

போன வருஷம் ரோஷினி பெரியவளானாள். இவன் காதுக்குச் செய்தி வந்த அன்றே ராஜகுமாரியும் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"நீ ஒண்ணும் செய்ய வாணாம். சீரு, கீருன்னு கெளம்பாதே. பாக்கிய கட்டு, அது போதும். ஸ்கூல் பீஸ் கட்ட முடியாம நாக்கு தள்ளுது எனக்கு."

ஒரு மனுஷி இதைவிடத் தெளிவாகப் பேச முடியாது. எத்திராஜுக்கு அது கோபத்தில் சொன்னதாகத்தான் பட்டது. அவன் அக்கா கண்ணம்மா வேறு நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். "அப்பன் உயிரோட கீறான்னு நாலு பேருக்குத் தெரிய வாணாமா? சொந்தக்காரன் மூஞ்சில எப்டிடா முழிப்பே?" என்றாள். சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பேசிப் பேசியே ராஜகுமாரியின் அம்மாவைக் கரைத்தாள். பைக்கை விற்றான். ஃபைனான்ஸில் கடன் வாங்கினான். ஆவடியில் மண்டபம், தட்டு வரிசை, வீடியோ, பிரியாணி என்று எல்லாவற்றையும் ஊர் மெச்சச் செய்தான். சேக்காட்டில் அவர்கள் தெருவில் மூன்று பேனர் வைத்தான். பேனரில் ஆளுயரத்துக்கு ரோஷினியின் முகம். மூலையில் கும்பிட்டபடி இவன், கீழே 'அன்புத் தந்தை எத்திராஜ்' என்று கொட்டை எழுத்து.

நானும் போயிருந்தேன். மண்டபத்தில் அந்தப் பெண் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் சவுரி, அடையாளமே தெரியாத அளவுக்கு மேக்கப். கடைசிவரை தலையை நிமிர்த்தவே இல்லை. வெட்கம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கென்னவோ அது வெட்கமாகப் படவில்லை.

திரும்பி வரும்போது எத்திராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா, கடன் தீந்துச்சுக்கா," என்றான்.

"எந்தக் கடன் தீந்துச்சு? கோர்ட் பாக்கி?"

"அதான்க்கா, அதைவிட மேலயே செஞ்சிட்டேன்ல? பெத்தவன் செய்ய வேண்டியத செஞ்சாச்சு. இதுக்கு மேல இன்னா?"

அதை நிஜமாகவே நம்பினான். அவன் மட்டுமா? இங்கே எத்தனையோ ஆண்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். வருஷம் பூராவும் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்க மாட்டார்கள், ஒரு நாள் ஊருக்கே சாப்பாடு போடுவார்கள்.

ராஜகுமாரி கோர்ட்டில் மனு போட்டாள். பூந்தமல்லி கோர்ட்டுக்குத் தனியாகப் போன எத்திராஜ், 'வருமானம் போதவில்லை' என்று சொல்லியிருக்கிறான். அவளுடைய வக்கீல் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாராம். பேனர். ஜட்ஜ் அம்மா பார்த்துவிட்டு, "மண்டபம் பிடிச்சிருக்கீங்க, ரெண்டு பேனர் வெச்சிருக்கீங்க, பிள்ளைக்கு மாசம் கட்டத்தான் வசதி இல்லையா?" என்று கேட்டார். இந்த மகராசன், "ரெண்டு இல்லம்மா, மூணு," என்று திருத்தினான்.

சீர் வேறு, ஜீவனாம்சம் வேறு என்று அங்கே சொல்லித்தான் அவனுக்குப் புரிந்தது. பாக்கி எண்பத்தாறாயிரம். மூன்று மாதத்தில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஜெயில். ஜெயிலுக்குப் போனால் குடோன் வேலை போய்விடும். உள்ளே போய் வந்தாலும் பாக்கி அப்படியேதான் நிற்கும் என்று அவளுடைய வக்கீலே சொல்லியனுப்பினார். மெஸ்ஸில் வந்து உட்கார்ந்தவன் வைத்த சோற்றைத் தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேனர் அவனைப் பிடித்துக்கொண்டது.

மழை ஆரம்பித்திருந்தது. அறை ஒழுகியது. ஷீட் மேலே ஏறக் கூடாது, உடைந்துவிடும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். விழா முடிந்து சுருட்டிக் கொண்டுவந்த பேனர்களில் ஒன்றை எடுத்து, கூரைக்கு அடியில் நாலு மூலையிலும் கயிறு கட்டி, சொட்டுகிற தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து பக்கெட்டில் விழுகிற மாதிரி சரிவாகக் கட்டிவிட்டான். இந்தப் பக்கத்தில் பல பேர் செய்கிற வேலைதான். கட்சி பேனர், கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் என்று எல்லாவற்றுக்கும் கடைசியில் அதுதான் கதி. படம் கீழே பார்த்த மாதிரி கட்டியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, தண்ணீர் பட்டால் சாயம் போய்விடும் என்றான்.

நைட் ஷிஃப்ட் ஆள் பகலில்தான் தூங்க வேண்டும். ஷீட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெயில் இறங்கி, நல்ல பகலில் அந்த முகம் விளக்குப் போட்டது மாதிரி ஒளிரும். வாடகை அறை என்பதால் நான் அடிக்கடி உள்ளே போவேன். எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அந்தப் பெண்ணை வெளுக்க வைத்து, கண்ணைப் பெரிதாக்கி, உதட்டில் சிவப்பு அடித்து, யாரோ ஒருத்தியாக்கி வைத்திருந்தான். அறையில் எங்கே நின்றாலும் அது நம்மையே பார்க்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கி ஒரு கன்னம் மட்டும் தொங்கும், காற்று அடித்தால் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும்.

ஒரு நாள் மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து மெஸ்ஸுக்குள் ஓடிவந்தான்.

"யக்கா, அது கண்ண மூடிச்சு."

"எது?"

"பாப்பா. நான் பாத்துகினே கீறேன், மெதுவா கண்ண மூடிச்சுக்கா. நான் படுத்தன்னா மூடிக்குது. என்னைப் பாக்கக் கூடாதுன்னு மூடிக்குது."

தண்ணீர் கனத்தில் ஃப்ளெக்ஸ் மடிந்திருக்கும் என்றேன். மண்டையை ஆட்டினான். நம்பவில்லை. அன்றிலிருந்து என் மெஸ் பெஞ்சில்தான் தூங்கினான். மத்தியானக் கூட்டத்தில் ஆட்கள் தட்டோடு நிற்பார்கள், இவன் பெஞ்சை அடைத்துக்கொண்டு கிடப்பான். எனக்குக் கோபம் வந்தது.

"அத்த கழட்டி எறியேன்டா."

"எப்டிக்கா? பொண்ணு மூஞ்சிய சுருட்டி மூலைல போடச் சொல்றியா?"

நான் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.

குடோனிலும் அது விடவில்லை. சரக்கு அடுக்குகளுக்கு நடுவே வண்டியைத் திருப்பும்போது அந்தப் பவுடர் முகம் எதிரே நிற்குமாம். சவுரியோடு, பட்டுப் பாவாடையோடு, ஒன்றும் பேசாமல். இவன் பிரேக் போடுவான். மேலே இருக்கும் பெட்டிகள் ஆடும். ஒரு முறை ஒரு அடுக்கே சரிந்தது, நல்லவேளையாகக் கீழே யாரும் இல்லை. சூப்பர்வைசர் முகமது ஆசிக் நல்ல பையன், மேலே போட்டுக்கொடுக்கவில்லை. "அண்ணாத்தே, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது," என்று மட்டும் சொன்னான். வேலை போனால் பணம் இல்லை, பணம் இல்லையென்றால் ஜெயில். எத்திராஜ் அதை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், உழைத்தான். காலையில் ஷிஃப்ட் முடித்து வந்ததும் ஃப்ளாட்டுகளுக்குத் தண்ணி கேன் போட்டான். லிஃப்டில் கேன் ஏற்றக் கூடாது என்பார்கள், தோளில் வைத்து நாலு மாடி ஏறினான். ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் பக்கம் புதிதாக வந்த குடோனில் லோடு இறக்கினான். பீடியை விட்டான். ஒரு வேளைச் சாப்பாட்டையும் விட்டான், நான் திட்டித் திட்டித்தான் சாப்பிட வைத்தேன். கண் குழிக்குள் போய்விட்டது. எனக்கு அவன் மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய், பயம்தான் மிஞ்சியது. ஏதாவது செய்துகொள்வானோ என்று மத்தியானத்தில் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்ப்பேன்.

கெடு நெருங்கியும் பணம் கொஞ்சம் குறைந்தது. நான் சீட்டு எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "நானும் கூட வருவேன். என் காசு என் கண்ணு முன்னாடி கோர்ட்ல போய் சேரணும்," என்றேன். அன்றைக்கு மெஸ்ஸுக்கு லீவு விட்டேன்.

கோர்ட் வராண்டாவில் ஒரே கூட்டம். ஒரு பெஞ்சில் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண் மட்டும் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கறுத்து மெலிந்த பெண், கண்ணாடி போட்டிருந்தாள், தலைமுடி பையன் மாதிரி ஒட்ட வெட்டியிருந்தது.

"பாப்பா, கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்றான் எத்திராஜ். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. பதற்றம் வந்தால் யாரிடமாவது பேசியாக வேண்டும் அவனுக்கு. "இன்னாமா, முடிய இப்டி வெட்டிகினே? ஜுரமா?" என்று கேட்டான்.

"இல்ல. ஸ்கூல்ல கிண்டல் பண்ணாங்க. அடையாளம் தெரியக் கூடாதுன்னு வெட்டிகினேன்."

"யாரு கிண்டல் பண்ணது? உங்க அப்பாகிட்ட சொன்னியா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் உன்னாட்டம் ஒரு பொண்ணு கீது. அதுக்கு முடி இங்க வரைக்கும் இருக்கும்," என்று இடுப்பைக் காட்டினான்.

"பேரு இன்னா?" என்று கேட்டாள் அவள்.

"ரோஷினி."

"எந்த க்ளாஸு?"

"எட்டாவது," என்றான் பெருமையாக.

அவள் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் அவள் காதைப் பார்த்தேன். முடி இல்லாததால் காது இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. மேல்பக்கம் கொஞ்சம் மடிந்த காது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனின் காது. எத்திராஜின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"இன்னாக்கா?" என்றான்.

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து ஓடினான். நானும் பின்னால் போனேன். பணத்தைக் கட்டினான். எண்ணிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பாக்கி தீர்ந்தது என்று எழுதினார்கள். இனி மாதப் பணம் தவறக் கூடாது என்று ஜட்ஜ் அம்மா எச்சரித்து அனுப்பினார். ஜெயில் இல்லை, வேலையும் போகவில்லை. எத்திராஜ் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

வெளியே ராஜகுமாரி நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் இவன் கண் கலங்கிவிட்டது. "கட்டிட்டேன் குமாரி. முழுசா கட்டிட்டேன். பாப்பாவ ஒரு வாட்டி கண்ணுல காட்டேன். தூரத்துலேந்து பாத்துட்டு போயிடறேன்."

ராஜகுமாரி அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"ஜட்ஜம்மா இட்டுகினு வரச் சொன்னாங்கன்னு காலைலேந்து இங்கதான உக்காந்துகினு கீறா. உன் பேனரப் பாத்து ஸ்கூல் பசங்க போட்டோ எடுத்துப் போட்டானுங்க. ஒரு மாசம் ஸ்கூலுக்கே போவல. அப்புறம் கத்தரிய எடுத்து முடிய அவளே வெட்டிகினா." பெஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ரோஷினி, வா."

கண்ணாடி போட்ட பெண் எழுந்து வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். எத்திராஜ் அவளைப் பார்த்தான். அப்புறம் பெஞ்சைப் பார்த்தான். எனக்கு அவனை ஓங்கி அறையவும் தோன்றியது, கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

ராஜகுமாரி நடக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் இரண்டடி போய், நின்று, திரும்பினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"ஒன்பதாவது," என்றாள்.